வீட்டுக் கேமராவுக்கு மறுபடி உயிர்: பழைய ஃபிலிம் கேமராவில் குடும்பப் படம் எடுக்க முழுமையான வழிகாட்டி

அலமாரியின் மேல்தட்டில் துணி சுற்றிய ஒரு கேமரா கிடைத்திருக்கிறது. அல்லது உறவினர் ஒருவர் "நீயே வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கையில் எடுத்ததும் பின்கதவைத் திறந்து பார்க்கத்தான் தோன்றும். தயவுசெய்து திறக்காதீர்கள். உள்ளே இன்னும் ஃபிலிம் இருக்கலாம். திறந்த நொடியில் யாரோ எடுத்து முடிக்காமல் விட்ட படங்கள் வெளிச்சம் பட்டு அழிந்துவிடும்.

இந்த வழிகாட்டி அந்த மாதிரிக் கேமராக்களுக்கானது. போட்டோகிராபருக்காகச் செய்யப்படாமல், வீட்டில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அழுத்தலாம் என்று செய்யப்பட்ட கேமராக்கள். அவை பெரும்பாலான முடிவுகளைத் தாங்களே எடுத்துக்கொண்டன. நம்மிடம் விட்டது மூன்றுதான்: வெளிச்சம், தூரம், அசையாத கை. இந்த மூன்றும் பிடிபட்டால் ஐம்பது வருடப் பழைய கேமராவிலும் இன்று நல்ல படம் எடுக்கலாம்.

திறக்காமலே பார்ப்பது

35 மி.மீ. ஃபிலிம் கேமரா என்றால் மேலே ஒரு ஓரத்தில் ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் சிறு குமிழ் (ரீவைண்ட் குமிழ்) இருக்கும். அதை அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். தடையில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் காலி. சற்றுச் சுற்றியதும் இறுகினால் உள்ளே ரோல் இருக்கிறது. பெட்டி கேமராக்களில் பின்பக்கம் வட்டமாக ஒரு சிவப்புக் கண்ணாடி இருக்கும். அதில் ஏதாவது எண் தெரிந்தால், அது ஃபிலிமோடு சுற்றிவரும் தாளில் அச்சடித்த எண்.

ரோல் இருந்தால் 35 மி.மீ. கேமராவில் முழுதும் திருப்பிச் சுற்றிய பிறகு எடுங்கள். பெட்டி கேமராவில் கடைசிவரை முன்னோக்கிச் சுற்றி, மங்கிய வெளிச்சத்தில் திறந்து, ரோல் தளர்ந்துவிடாமல் ஒட்டி, அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். பழைய ரோல்களைக் கழுவிப் பழகிய லேபிடம் கொடுப்பது நல்லது. கலர் ஃபிலிமாக இருந்தால் மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். சி-22 என்றிருந்தால், இன்றைய கலர் ஃபிலிமைக் கழுவும் சி-41 ரசாயனத்தில் போடக் கூடாது. அது கூடுதல் சூட்டில் நடக்கும் வேலை, பழைய பூச்சு தாங்காது. கறுப்பு வெள்ளையாகக் கழுவச் சொல்லுங்கள். கோடாக்ரோம் ஃபிலிமுக்கும் இதே வழிதான், அதற்கான கலர் முறையைக் கடைசியாக வைத்திருந்த லேபும் 2010 முடிவோடு நிறுத்திவிட்டது.

எங்கள் வீட்டுப் பெட்டி கேமராவில் அப்படி ஒரு ரோல் கிடைத்தது. எட்டில் மூன்றுதான் தேறின. ஒன்றில் புகை படிந்தது போன்ற சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு சைக்கிள் கைப்பிடி, அதைப் பிடித்திருக்கும் ஒரு சின்னக் கை, அவ்வளவுதான் இருந்தது. சித்தி அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சுண்டுவிரல் வளைஞ்சிருக்கு பார், இது உன் மாமா" என்றார். ஒரு விரலை வைத்தே அவருக்கு ஆள் தெரிந்தது. அதனால்தான் திறக்காதீர்கள் என்று இத்தனை வற்புறுத்துகிறேன்.

எந்த ஃபிலிம் போகும் என்று கண்டுபிடிப்பது

குடும்பக் கேமராக்களின் கதை கோடக் நிறுவனம் 1900-இல் ஒரு டாலருக்கு விற்ற பிரவுனியிலிருந்து தொடங்குகிறது என்று சொல்லலாம். அட்டைப் பெட்டி, ஒரே ஒரு லென்ஸ், ஒரு ஷட்டர். குழந்தைகளும் எடுக்கலாம் என்றே விளம்பரம் செய்தார்கள். அதன்பின் வந்த ஒவ்வொரு தலைமுறையும் ஃபிலிம் போடும் தொல்லையைக் குறைக்கப் பார்த்தது. அப்படிக் குறைக்கப் புது வடிவ ஃபிலிம்கள் வந்துகொண்டே இருந்தன. நமக்குச் சிக்கலே அங்கேதான். கேமரா நன்றாக இருந்தும் அதற்கு ஃபிலிம் கிடைக்காமல் போகலாம்.

120 என்று எழுதியிருந்தால் கவலையில்லை. 1901-இல் வந்த இந்த ஃபிலிம் இன்றும் தயாராகிறது. 1954-இலிருந்து 1965 வரை வந்த அக்ஃபா கிளாக் இதில்தான் ஓடும், ஒரு ரோலுக்கு எட்டுப் பெரிய படங்கள். அதன் எளிய லென்ஸ் ஓரங்களில் தெளிவு குறையாமல் இருக்க, உள்ளே ஃபிலிமையே வளைவாக உட்கார வைத்திருப்பார்கள். பின்பக்கம் வளைந்திருப்பதன் காரணம் அதுதான்.

620 என்றிருந்தால் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஃபிலிம் அதே 120, ஆனால் சுற்றும் கட்டை ஒல்லியானது. 1995-இல் நிறுத்திவிட்டார்கள். பிரவுனி ஹாக்ஐ போன்ற நல்ல கேமராக்கள் இதில் மாட்டிக்கொண்டன. வழி: கேமராவோடு வந்த 620 கட்டைகள் இரண்டையும் தொலைக்காமல் வைத்து, முழு இருட்டில் 120 ரோலை ஒன்றுக்கு மாற்றி, மறுபடி இரண்டாவதுக்கு மாற்றிச் சுற்ற வேண்டும். ஃபிலிம் தாளோடு ஒட்டியிருக்கும் இடத்தில் சின்னப் புடைப்பு வரும். அந்த ஒட்டைப் பிரித்துச் சீராக்கி மறுபடி ஒட்டுங்கள். முதலில் ஒரு வீணான ரோலை வைத்து வெளிச்சத்தில் நாலு முறை பழகிக்கொள்வது நல்லது.

127 சிரமப்பட்டால் கிடைக்கும். 1963-இல் கோடக்கின் இன்ஸ்டமாட்டிக் கேமராவோடு வந்த 126 பெட்டி ஃபிலிமை இப்போது யாரும் புதிதாகச் செய்வதில்லை. பழைய பெட்டியில் 35 மி.மீ. ஃபிலிமை வெட்டி ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள், பொறுமை இருந்தால் முயலலாம். 1972-இன் 110-க்கு லோமோகிராஃபி என்ற நிறுவனம் புதிய ஃபிலிம் விற்கிறது. 1982-இல் வந்த டிஸ்க் கேமராவை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள்.

தினசரி உபயோகத்துக்கு என்னைக் கேட்டால் 35 மி.மீ.தான். ஃபிலிம் மற்றவற்றைவிட எளிதில் கிடைக்கும், கழுவவும் ஆள் இருப்பார்கள். இதில் ஒலிம்பஸ் டிரிப் 35 எனக்கு மிகவும் பிடித்தது. 1960களின் கடைசியில் வந்து 1984 வரை தயாரான இதற்கு பேட்டரியே வேண்டாம். லென்ஸைச் சுற்றித் தேன்கூடு போல இருக்கும் செலினியம் செல், வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்து அளவைச் சொல்லிவிடும். வீட்டுக்குள் நிறைய எடுப்பவர்களுக்கு யாஷிகா எலெக்ட்ரோ 35, கேனனெட் போன்றவை பொருந்தும், லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். செலவு குறைய வேண்டுமென்றால் 1959-இல் தொடங்கிய ஒலிம்பஸ் பென் வரிசை. ஒரு படத்தின் இடத்தில் இரண்டு எடுக்கும், 36 படச் சுருளில் 72.

கேமராவின் உடல்நிலை

ஃபிலிம் இல்லை என்று உறுதியான பிறகு திறங்கள். பின்கதவின் பள்ளங்களில் கறுப்புப் பஞ்சுப் பட்டை இருக்கும். அதுதான் வெளிச்சம் நுழையாமல் காப்பது. பல வருடமானால் அது தார் மாதிரி இளகி விரலில் ஒட்டும். மரக்குச்சியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, புதுப் பட்டையோ கறுப்புக் கம்பளி நூலோ வைக்கலாம். துணுக்குகள் ஷட்டருக்குள் விழாமல் கேமராவைச் சாய்த்துப் பிடியுங்கள்.

அடுத்து லென்ஸ். பின்பக்கத்திலிருந்து சின்ன டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை போலக் கிளைகள் தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சம் என்றால் படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் படம் பால் ஊற்றியது போல வெளுத்து வரும், கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். முன்கண்ணாடியைச் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள். ஊதுபந்தால் தூசியை அகற்றிய பிறகு மென்துணியால் லேசாகத் துடைத்தால் போதும்.

பின்கதவு திறந்திருக்க, வெளிச்சத்தை நோக்கிப் பத்துப் பதினைந்து முறை ஷட்டரை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி திறந்து மூட வேண்டும். முதல் சில முறை சோம்பலாகத் திறந்து பிறகு சரியானால், நெடுநாள் தூங்கிய இயந்திரம் என்று விட்டுவிடலாம். ஷட்டரின் இதழ்களில் எண்ணெய் பளபளத்தால் சர்வீஸ் தேவை.

டிரிப் 35-இல் ஒரு அழகான சோதனை உண்டு. வளையத்தை 'ஏ' என்ற எழுத்தில் வைத்து, செல்லை உள்ளங்கையால் முழுக்க மூடி அழுத்துங்கள். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் ஒரு சிவப்புக் கொடி எழும்பி, ஷட்டர் மறுத்துவிடும். கையை எடுத்து வெளிச்சத்தில் காட்டினால் கொடி வராமல் படம் எடுக்கும். இரண்டும் நடந்தால் செல் உயிரோடு இருக்கிறது. எலெக்ட்ரோ 35-இல் ஃபிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்தும் லீவரை இழுத்துச் சுற்றும்போது உள்ளே 'டக்' என்று ஒரு தடித்த சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளிருக்கும் சின்ன ரப்பர் துண்டு பொடிந்திருக்கலாம், வெளிச்ச அளவும் தப்பாகிவிடும்.

பேட்டரி கேமராக்களில் மூடியைக் கழற்றி வெள்ளையோ பச்சையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆல்கலைன் பேட்டரிக் கசிவை வினிகர் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். கேனனெட் போன்றவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்யப்பட்டவை, அவை இப்போது வருவதில்லை. காது கேட்கும் கருவிக்கான 675 பேட்டரி 1.4 வோல்ட் தரும், ஒரு வளையம் வைத்துப் பொருத்தினால் வேலை நடக்கும். உள்ளேயே ஃப்ளாஷ் உள்ள கேமராவை மட்டும் நீங்களே பிரிக்காதீர்கள். அதில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கக்கூடும், பேட்டரி எடுத்த பிறகும்.

ரோல் வாங்கும்போது

நெகட்டிவ் ஃபிலிம் வாங்குங்கள், கலரோ கறுப்பு வெள்ளையோ. வெளிச்சம் கூடினால் அது பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. ரோலின் மேல் ஃபிலிம் வேகம் என்று ஒரு எண் இருக்கும், எண் கூடக் கூடக் குறைந்த வெளிச்சமே போதும். வெயிலில் பெட்டி கேமராவுக்கு 100, நிழலுக்கும் மேகமூட்டத்துக்கும் 400. டிரிப் 35-க்கு 400 வரைதான் அளவு உண்டு. காலாவதியான ரோலைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வராத நாளுக்குப் புது ரோல் போடுங்கள்.

ஃபிலிம் ஏற்றுவது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். என் முதல் ரோலில் பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள் இருந்திருக்க வேண்டும். 36 தாண்டியும் லீவர் சுகமாகச் சுழன்றுகொண்டே இருந்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. ஃபிலிமின் நாக்கு, அதாவது ரோலிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் நுனி, மாட்டவே இல்லை. அன்று முழுக்க ஒரு படமும் பதியவில்லை. பாட்டி மூன்று முறை புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

நேர் வெயிலில் நிற்காமல் நிழலில் உட்காருங்கள். ரோலை அதன் அறையில் வைத்து, ரீவைண்ட் குமிழை அழுத்தி இறக்குங்கள். நாக்கை மறுபக்கச் சுழலியின் பிளவில் நன்றாகச் செருகுங்கள். பின்கதவு திறந்திருக்கும்போதே ஒரு முறை சுற்றி, ஃபிலிமின் இரண்டு ஓரத் துளைகளும் பற்சக்கரத்தில் உட்கார்ந்ததைக் கண்ணால் பாருங்கள். மூடுங்கள். பிறகு ரீவைண்ட் குமிழை மெதுவாக எதிர்த்திசையில் அல்ல, அம்புக்குறித் திசையிலேயே திருப்பி உள்ளே தளர்வு போகும்வரை இறுக்குங்கள். இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். இப்போது லீவரை இழுத்து அடுத்த படத்துக்குப் போகும்போது அந்தக் குமிழைப் பாருங்கள். அது தானாகச் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. சுழலாவிட்டால் திறந்து மறுபடி போடுங்கள். ஒவ்வொரு ரோலின் முதல் மூன்று படத்துக்கும் நான் இன்றும் குமிழைப் பார்த்துக்கொண்டேதான் இழுக்கிறேன்.

அப்புறம் ஃபிலிம் வேகத்தை அதற்கான வளையத்தில் வையுங்கள், மறப்பது இதைத்தான். 1983-க்குப் பிறகு வந்த தானியங்கிக் கேமராக்கள் பல, ரோலின் மேலிருக்கும் வெள்ளி-கறுப்புக் கட்டங்களைப் படித்துத் தாங்களே வைத்துக்கொள்ளும்.

120 ரோலில் காலிக் கட்டை எப்போதும் ஃபிலிமை வாங்கிக்கொள்ளும் பக்கம் இருக்க வேண்டும். தாளின் நுனியைச் செருகி, இரண்டு சுற்றுச் சுற்றி, நேராகப் போகிறதா என்று பார்த்து மூடி, சிவப்புக் கண்ணாடியில் 1 வரும்வரை சுற்றுங்கள். அந்தக் கண்ணாடியின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு, சுற்றும்போது மட்டும் நிழலில் தூக்கிப் பாருங்கள். சிவப்பு நிறம் பதியாத பழைய ஃபிலிம்களுக்காக வைத்த சன்னல் அது. இன்றைய ஃபிலிமுக்குச் சிவப்பும் தெரியும். சுற்றியதும் எடுப்பதா, எடுத்ததும் சுற்றுவதா என்று ஒரே பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்ததும் சுற்றிவிடுவேன். பழக்கம் மாறினால் ஒரே சட்டத்தில் இரண்டு படம் விழும்.

படம் எடுப்பது

பழைய குடும்ப ஆல்பத்தைப் புரட்டினால் இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும்: கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் மனிதர்கள், அவர்கள் காலடியில் விழும் எடுத்தவரின் நிழல். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்று அந்தக் காலக் குறிப்புத் தாள்கள் சொன்னதன் விளைவு. குறைந்த வேக ஃபிலிமுக்கு அந்த வெளிச்சம் அத்தனையும் தேவைப்பட்டது. இன்று 400 ஃபிலிம் இருக்கிறது, அதனால் சூரியன் பக்கவாட்டில் வரும்படி நில்லுங்கள். இன்னும் நல்லது, ஆட்களை மர நிழலுக்கோ வாசல் நிழலுக்கோ கூட்டிப்போய், திறந்த வானத்தைப் பார்க்க நிறுத்துவது. முகம் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் விழும், யாருக்கும் கண் கூசாது.

தூரம் அடுத்தது. பெட்டி கேமராவில் ஃபோகஸ் நிலையானது. பெரும்பாலும் இரண்டு, மூன்று மீட்டருக்கு அப்பால்தான் தெளிவு. குழந்தையின் முகத்தை நெருங்கி எடுத்தால் பின்னாலிருக்கும் சுவர் தெளிவாகவும் முகம் மங்கலாகவும் வரும். கிளாக்கில் கிட்டத்துக்கென்று ஒரு தனி லென்ஸ் நிலை இருக்கிறது, அதைத் திருப்ப மறக்காதீர்கள். டிரிப் 35-இன் வளையத்தில் நாலு சின்னப் படங்கள் இருக்கும்: ஒரு தலை, இரண்டு பேர், ஒரு கூட்டம், ஒரு மலை. ஏறக்குறைய ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர், மூன்று மீட்டர், அதற்கும் அப்பால். மூன்று மீட்டரில் வைத்துவிட்டு வெயிலில் நடமாடினால் ஃபோகஸை மறந்துவிட்டுக் குடும்பத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு மீட்டரைக் கண்ணால் அளப்பது கடினம். நீட்டிய கை முழுதும், அதற்கு மேல் ஒரு சாணும் என்று நான் வைத்துக்கொள்வேன்.

மூன்றாவது, அசையாத கை. பெட்டி கேமராவின் ஷட்டர் நொடியில் முப்பதிலிருந்து அறுபதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும். அதற்குள் கை ஆடினால் எல்லாமே இரட்டையாகத் தெரியும். கேமராவை வயிற்றோடு அணைத்து, மூச்சை விட்டு முடித்த அந்த அமைதியில் ஷட்டர் நெம்பியை வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக அழுத்துங்கள். ஓடும் குழந்தையை இதில் பிடிக்க முடியாது. ஊஞ்சல் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்குமே, அப்போது பிடிக்கலாம்.

இந்தக் கேமராக்களில் நீங்கள் பார்க்கும் ஓட்டை வேறு, படம் விழும் லென்ஸ் வேறு. அதனால் லென்ஸ் மூடி போட்டிருந்தாலும் தெரியாது, விரல் மறைத்தாலும் தெரியாது. கிட்டே போகப் போக இரண்டும் காட்டும் இடமும் விலகும், தலை வெட்டுப்படும். ஒன்றரை மீட்டருக்குள் எடுக்கும்போது தலைக்கு மேல் தாராளமாக இடம் விடுங்கள்.

வீட்டுக்குள்ளே என்றால் ஜன்னல். டிரிப் 35-இல் 400 ஃபிலிம் போட்டு, பகலில் ஜன்னலுக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்திருப்பவரை எடுத்துவிடலாம். கொடி எழும்பினால் இன்னும் ஜன்னல் பக்கம் நகரச் சொல்லுங்கள். காய் நறுக்குபவர், தலை பின்னிக்கொள்பவர், செய்தித்தாள் படிப்பவர் எல்லாம் அங்கேதான் உட்காருவார்கள். வரிசையாக நிறுத்தி எடுக்கும் படத்தைவிட இவற்றைத்தான் பின்னால் அதிக நேரம் பார்ப்பீர்கள்.

கடைசியாக ஒன்று. கேமரா வைத்திருப்பவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். ஒவ்வொரு ரோலிலும் இரண்டு படமாவது கேமராவை அடுத்தவர் கையில் கொடுங்கள், எட்டு வயதுப் பிள்ளையானாலும் சரி. அந்தக் கைகளுக்காகச் செய்த பொருள்தான் இது.

இறக்குவதும் கழுவுவதும்

லீவர் இறுகி நின்றால் பலம் போடாதீர்கள், ரோல் முடிந்தது. அடியிலிருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தி, ரீவைண்ட் குமிழின் கைப்பிடியை நிமிர்த்திச் சுற்றுங்கள். இறுக்கம் திடீரென்று விட்டுப்போகும். அதற்குப் பிறகும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திறங்கள்.

லேபில் கொடுக்கும்போது, "நெகட்டிவ் எனக்குத் திரும்ப வேண்டும்" என்று முதலிலேயே சொல்லி எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைத் தூக்கிப்போடும் இடங்கள் உண்டு. ஸ்கேன் ஒரு பிரதிதான். நெகட்டிவ் கையில் இருந்தால் பிற்பாடு எத்தனை முறை வேண்டுமானாலும் நன்றாக எடுத்துக்கொள்ளலாம். அவற்றைப் பாலிப்ரொப்பிலின் உறைகளில் வையுங்கள், பி.வி.சி. உறை வேண்டாம்.

பிரிண்ட் போட்டவற்றின் பின்பக்க ஓரத்தில், மென்மையான பென்சிலால், பெயர்களையும் தேதியையும் இடமிருந்து வலமாக எழுதுங்கள். அன்றைக்கே எழுதுங்கள்.

கேமராவைத் தோல் உறையில் போட்டு மூடி வைக்காதீர்கள், ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். பேட்டரியை எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பையோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மாதம் ஒரு முறை வெளியே எடுத்து, உள்ளே ரோல் இல்லையென்றால் நாலு தடவை ஷட்டரை அழுத்திவிட்டு வையுங்கள். ரோல் இருந்தால், எத்தனையாவது படம், என்ன ஃபிலிம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பின்கதவில் ஒட்டிவிடுங்கள். அடுத்து எடுப்பவர் திறந்துவிட மாட்டார்.